கையகலத் திரையும் தோட்டத்து வாழ்வும்



கோலசிலாங்கூரில் புக்கிட் மெலாவத்திக் குன்றின்மேல் நிற்கும் கலங்கரை விளக்கத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 1907-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அவ்விளக்கம், கடலில் வரும் கப்பல்களுக்கு ஒரே ஒரு செய்தியைச் சொல்வதற்காக எழுப்பப்பட்டது. இதோ கரை இருக்கிறது, பார்த்து வாருங்கள் என்பதே அச்செய்தி. மாலுமி எந்த நாட்டவராக இருந்தாலும் அது அவருக்குப் புரியும். தக்க நேரத்தில், தக்க இடத்தில், எல்லாருடைய கண்ணிலும் படும்படி ஒரு செய்தியை வைப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதற்கு அந்த விளக்கமே சான்று.

அதே வேலையை மிகச் சிறிய அளவில், நம் வீட்டிலும் பள்ளியிலும் கடையிலும் செய்யக்கூடிய ஒரு கருவி இப்போது மலிவாகக் கிடைக்கிறது. தீப்பெட்டி அளவிலிருந்து உள்ளங்கை அளவுவரை உள்ள சின்னஞ்சிறு திரைதான் அது. யூ.எஸ்.பி. என்னும் கம்பியால் கணினியோடு இணைத்தால், நாம் விரும்பும் எண்ணையும் எழுத்தையும் அது காட்டும். கைத்தொலைபேசிக்கு மின்னூட்டப் பயன்படுத்துகிறோமே, அதே இனத்துக் கம்பிதான். இந்தக் குட்டித் திரை எப்படி வேலை செய்கிறது, நம் தோட்டத்துக் குடும்பங்களுக்கு அதனால் என்ன பயன், எங்கே கவனமாக இருக்கவேண்டும் என்பவற்றை இன்று பார்ப்போம்.

முதலில் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பெல்லாம் கணினியில் அச்சுப்பொறிக்கு ஒரு துளை, எலிக்கு ஒரு துளை, விசைப்பலகைக்கு வேறொரு துளை என்று இருந்தன. ஏழு நிறுவனங்கள் கூடி, எல்லாக் கருவிக்கும் ஒரே துளை போதும் என்று ஒரு முறையை வகுத்து 1996-ஆம் ஆண்டில் வெளியிட்டன. இன்டெல் நிறுவனத்தில் அந்தப் பணியில் முன்னின்றவர்களுள் ஒருவர் அஜய் பட். அவர் இந்தியாவில் பரோடா பல்கலைக்கழகத்தில் படித்தவர். சாதாரண யூ.எஸ்.பி. கம்பியை வெட்டிப் பார்த்தால் உள்ளே நான்கு மெல்லிய கம்பிகள் இருக்கும். இரண்டு 5 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டு வருகின்றன. மற்ற இரண்டும் செய்தியைக் கொண்டு வருகின்றன. சோறும் சேதியும் ஒரே வழியாக வருவதால்தான் இந்தத் திரைக்குத் தனியாக மின்கலமோ சுவரில் தனிச் செருகியோ வேண்டியதில்லை.

திரையில் பல வகை உண்டு. நமக்கு மூன்று வகையைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, கணக்குப்பொறியிலும் கைக்கடிகாரத்திலும் நாம் பார்த்துப் பழகிய திரவப் படிகத் திரை. 1888-ஆம் ஆண்டில் தாவரங்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஆஸ்திரிய அறிஞர் பிரெடரிக் ரைனிட்சர், திரவம்போல் ஓடவும் செய்து, படிகம்போல் ஒழுங்காகவும் நிற்கும் ஒரு விந்தைப் பொருளைக் கண்டார். எண்பது ஆண்டுகள் கழித்து, 1968-ல், அதைக் கொண்டு திரை செய்யலாம் என்று அமெரிக்காவில் காட்டினார்கள். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அந்தப் பொருள் இருக்கிறது. மின்சாரம் படும்போது அதன் அணுத்திரள்கள் ஜன்னல் பலகைகளைப்போல் திரும்பி, ஒளியை அடைக்கின்றன அல்லது விடுகின்றன. அடைபட்ட இடம் கறுப்பாகத் தெரிகிறது. அந்தக் கறுப்புப் புள்ளிகள் சேர்ந்தே எண்ணும் எழுத்தும் ஆகின்றன.

இரண்டாவது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும் திரை. இதை ஓ.எல்.இ.டி. என்பார்கள். கம்போங் குவாந்தானில் இரவு நேரத்தில் பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகளை நினைத்துக்கொள்ளுங்கள். மரம் இருட்டாக இருக்கிறது, மின்மினி உள்ள இடம் மட்டும் ஒளிர்கிறது. இந்தத் திரையும் அப்படித்தான். ஒரு அங்குலத்துக்கும் குறைவான திரையில் 128 வரிசையும் 64 வரிசையுமாக 8,192 மின்மினிகள் இருக்கும்.

மூன்றாவது, மின்தாள். ஒருமுறை எழுதிவிட்டால் மின்சாரத்தை நிறுத்தினாலும் எழுத்து மறையாது. வெயிலிலும் அச்சடித்த காகிதம்போல் தெளிவாகத் தெரியும். ஆனால் மெதுவாகத்தான் மாறும்.

விலை என்ன? இரண்டு வரி எழுத்துத் திரையும், சிறிய ஓ.எல்.இ.டி. திரையும் ஏறத்தாழப் பத்து, இருபது வெள்ளிக்குள் கிடைக்கின்றன. மூன்றரை அங்குல வண்ணத் திரை அதைவிடச் சில மடங்கு விலை. மின்தாள் இன்னும் கொஞ்சம் கூடுதல். மின்சாரச் செலவோ மிகக் குறைவு. ஒரு சிறு திரையும் அதை இயக்கும் குட்டிப் பலகையும் சேர்ந்து ஒரு வாட்டுக்கு மேல் கேட்பதில்லை. ஒரு மாதம் இரவும் பகலும் எரிந்தாலும் ஒரு யூனிட் மின்சாரம் முழுதாக ஆகாது.

இங்கே ஒரு சங்கதியை மறக்கக்கூடாது. திரை தானாக எதையும் அறியாது. கம்பியின் மறுமுனையில் கணினி ஒன்று இருந்து, இதைக் காட்டு என்று சொன்னால்தான் காட்டும். கணினியை அணைத்தால் திரையும் இருண்டுவிடும். நாள் முழுதும் பெரிய கணினியை ஓட்ட முடியாதவர்களுக்கு வேறு வழி உண்டு. கம்பியில்லா இணையத்தைத் தானே பிடிக்கும் சிறு பலகைகள் இருபது, முப்பது வெள்ளிக்கு விற்கின்றன. அவற்றில் ஒருமுறை கட்டளையை எழுதி வைத்துவிட்டால், பிறகு யூ.எஸ்.பி. கம்பி மின்சாரத்துக்கு மட்டுமே. கைத்தொலைபேசியின் மின்னூட்டியே போதும்.

சரி, கைத்தொலைபேசி இருக்கும்போது இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கைத்தொலைபேசி ஒருவருடையது. அதைத் திறக்க வேண்டும், தேட வேண்டும், மலாயோ ஆங்கிலமோ வாசிக்க வேண்டும். பாட்டியிடமும் ஆயாக் கொட்டகைப் பிள்ளையிடமும் அது இராது. சுவரில் இருக்கும் திரையோ எல்லாருக்கும் பொது. தேடாதவர் கண்ணிலும் படும். கடிகாரம் எப்படியோ, அப்படி.

இதற்கு ஒரு மெய்யான எடுத்துக்காட்டைச் சொல்கிறோம். 1998-ஆம் ஆண்டில், சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை நிலையம். வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊரில் ஒரு மையம். அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பை அங்கே எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கி வழியே ஊருக்கு அறிவித்தார்கள். கடலுக்குப் போகலாமா கூடாதா என்று மீனவர்கள் அதைக் கேட்டு முடிவு செய்தார்கள்.

அந்தத் திட்டத்தில் நல்லவாடு என்ற ஊரும் சேர்ந்திருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை வந்தபோது, அவ்வூரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்து வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கொடுத்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கரையை விட்டு விலகி உயிர் தப்பினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, மனிதர்கள் இருந்தார்கள். செய்தி சிங்கப்பூரில் ஒருவருக்குத் தெரிந்ததால் மட்டும் ஊர் பிழைக்கவில்லை. அதை எல்லாருக்கும் எட்டச் செய்யும் கருவி முன்பே ஊரில் இருந்தது, அதை இயக்கத் தெரிந்தவரும் இருந்தார். நாம் கருதவேண்டியது அதைத்தான்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். தெரிய வேண்டிய எண்கள் நமக்கும் இருக்கின்றன.

முதலாவது, புகைமூட்டம். 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தை நம் பகுதியில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அம்மாதம் 11-ஆம் தேதி, காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால், கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் சில ஆண்டுகள் இந்தக் குறியீடு பொதுமக்களுக்கு வெளியிடப்படாமல் இருந்தது. அந்த ஆகஸ்டில்தான் மீண்டும் வெளியிடத் தொடங்கினார்கள். மூச்சு நம்முடையது, எண் மட்டும் எங்கோ ஓர் அலுவலகத்தில் இருந்தது. இன்று அப்படியில்லை. சுற்றுச்சூழல் இலாகா கோலசிலாங்கூர் உட்பட நாடெங்குமுள்ள நிலையங்களின் அளவை மணிக்கொரு முறை இணையத்தில் வெளியிடுகிறது.

அந்த எண்ணை எப்படிப் படிப்பது? 50 வரை நல்ல காற்று. 51 முதல் 100 வரை மிதமானது. 101 முதல் 200 வரை உடல்நலத்துக்குக் கேடு. 201 முதல் 300 வரை மிகுந்த கேடு. 300-க்கு மேல் ஆபத்து. கல்வி அமைச்சின் வழிகாட்டுதல்படி 100-ஐத் தாண்டினால் பள்ளியில் வெளித்திடல் நடவடிக்கைகளை நிறுத்தவேண்டும், 200-ஐத் தாண்டினால் பள்ளியை மூடவேண்டும். புகையிலுள்ள மிக நுண்ணிய தூசு மனித முடியின் கனத்தில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். நுரையீரலின் அடிவரை போகும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கும் நெஞ்சு நோய் உள்ள பெரியவருக்கும் அது முதலில் தீங்கு செய்யும். பள்ளி வாசலிலும் ஆயாக் கொட்டகையிலும் ஒரு குட்டித் திரை இந்த எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தால், இன்று பிள்ளைகளைத் திடலுக்கு விடலாமா என்று ஆசிரியரும் ஆயாவும் ஒரு பார்வையில் முடிவு செய்யலாம். நம் பகுதியில் பெஸ்தாரி ஜெயாவை ஒட்டிய ராஜா மூசா சதுப்புக்காட்டில் கரிமண் தீப்பற்றுவதும் உண்டு. அப்படிப்பட்ட நாளில் பக்கத்து ஊர்க் காற்று வேறு, நம் காற்று வேறு. எனவே நிலையத்து எண் நன்றாக இருந்தாலும் மூக்கும் கண்ணும் சொல்வதைத் தள்ளிவிடக்கூடாது.

இரண்டாவது, ஆறு. சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய தாழ்ந்த இடங்களில் இருப்போருக்கு மழைக்காலம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வடிகால் நீர்ப்பாசன இலாகா ஆற்று நீர்மட்டத்தை இணையத்தில் வெளியிட்டு, அதை நான்கு படியாகப் பிரிக்கிறது. வழக்கமான நிலை, வாஸ்படா என்னும் விழிப்பு, அமாரான் என்னும் எச்சரிக்கை, பஹாயா என்னும் ஆபத்து. இதைத் திரையில் தமிழில் காட்டலாம். ஆனால் வெள்ளம் இரவிலும் வரும், உறங்குகிறவர் திரையைப் பார்க்கமாட்டார். ஆகவே ஆற்றுக்கான திரையோடு ஒரு சிறு மணியொலிப்பானையும் சேர்க்கவேண்டும். அதன் விலை சில வெள்ளிதான்.

நிறத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. ஆற்று அறிவிப்பில் மஞ்சள் என்றால் முதல் விழிப்பு மட்டுமே. காற்றுக் குறியீட்டில் மஞ்சள் என்றால் காற்று ஏற்கெனவே கெட்டுவிட்டது என்று பொருள். இரண்டையும் ஒரே திரையில் நிறத்தால் மட்டும் காட்டினால் மக்கள் குழம்புவார்கள். நிறத்தோடு சொல்லும் இருக்கட்டும்.

மூன்றாவது, தராசு. பெஸ்தாரி ஜெயா பக்கத்திலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-ஆம் ஆண்டில் நம் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நடப்பட்டது. அன்றுமுதல் இன்றுவரை, பாலானாலும் குலையானாலும், உழைப்பு எடையாகித்தான் கூலியாகிறது. அந்த எடையைக் காட்டும் எண் நிறுப்பவர் பக்கம் மட்டும் தெரிந்தால், உழைத்தவர் நம்பத்தான் வேண்டும், பார்க்க முடியாது. எண் இரு பக்கமும் தெரிந்தால் ஐயத்துக்கு இடமில்லை, மனத்தாங்கலும் இல்லை. இன்றைய மின்தராசுகள் பலவற்றில் இரண்டாவது திரையைப் பொருத்துவதற்கென்றே ஒரு துளை உண்டு. சிறுதோட்டம் வைத்துக் குலை விற்பவர்களும், தோட்டத்தில் எடைக்குக் கூலி பெறுபவர்களும், எங்கள் பக்கம் ஒரு திரை வையுங்கள் என்று பணிவோடு கேட்கலாம். அது உரிமையுள்ள கேள்வி. ஆனால் வீட்டில் நாமே கோத்துச் செய்த தராசைக் கொண்டு வாங்கல் விற்றல் செய்யக்கூடாது. வணிகத் தராசு 1972-ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டப்படி சோதித்து முத்திரை இடப்பட்டதாக இருக்கவேண்டும்.

வீட்டுப் பயன் ஒன்றையும் சொல்லிவிடுவோம். இனிப்புநீர், இரத்த அழுத்தம் என்று மூன்று வேளை மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் நம் வீடுகளில் பலர். காலை மாத்திரை, இரவு மாத்திரை என்று நேரத்துக்கு ஒளிரும் திரை ஒன்று சாப்பாட்டு மேசையில் இருந்தால், பிள்ளைகள் வேலைக்குப் போன வீட்டில் அது நல்ல துணை.

இனித் தமிழ் எழுத்தைப் பற்றி. மலிவான இரண்டு வரித் திரையில் ஒவ்வொரு எழுத்துக்கும் அகலத்தில் 5, உயரத்தில் 8, ஆக 40 புள்ளிகளே உண்டு. அதன் நினைவில் ஆங்கில எழுத்தும் சப்பானிய எழுத்தும் இருக்கும், தமிழ் இராது. நாமாக எட்டு உருவங்களை மட்டும் வரைந்து சேர்க்கலாம். 247 எழுத்து உள்ள மொழிக்கு எட்டு எப்படிப் போதும்? ஆகவே அத்திரையை எண்ணுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நலம். ஓ.எல்.இ.டி. திரையிலும் மின்தாளிலும் புள்ளி புள்ளியாகப் படம்போல் வரையலாம் என்பதால் தமிழ் அழகாக வரும். கொம்பும் சுழியும் தெளியப் பதினாறு புள்ளி உயரமாவது கொடுக்கவேண்டும். அப்படிக் கொடுத்தால் 64 புள்ளித் திரையில் நான்கு வரி தமிழ் எழுதலாம். ஓர் எச்சரிக்கைக்கு நான்கு வரி தாராளம்.

இதையெல்லாம் யார் செய்வது? நம் பிள்ளைகள்தாம். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டுக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் கணினிக்குக் கட்டளை எழுதும் பாடத்தைத் தொட்டுவிடுகிறார்கள். பிரிட்டனில் 2016-ஆம் ஆண்டில் மைக்ரோபிட் என்னும் குட்டிப் பலகையைப் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அதன் முகத்தில் வெறும் 25 விளக்குகள்தாம். யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதற்குக் கட்டளை கொடுக்கலாம். இப்போது நம் நாட்டுப் பள்ளிகளிலும் அது புழங்குகிறது. ஆசிரியர் வழிகாட்ட, பெற்றோர் ஆசிரியர் சங்கம் நூறு வெள்ளி ஒதுக்கினால், ஒரு பள்ளி தன் வாசலுக்கு வேண்டிய காற்றுத் திரையைத் தானே செய்துகொள்ளலாம். அந்தப் பிள்ளை பாடத்தையும் கற்றது, ஊருக்கும் உதவிற்று.

செய்கிறவர்கள் சில விதிகளை மனத்தில் கொள்ளவேண்டும்.

எண்ணோடு அது எடுக்கப்பட்ட நேரமும் தெரியவேண்டும். இணையம் அறுந்துபோனால் திரை பழைய எண்ணையே காட்டிக்கொண்டு நிற்கும். மின்தாளோ மின்சாரமே போனாலும் நேற்றைய எண்ணைக் காட்டும். பழைய நல்ல எண், புதிய கெட்ட செய்தியை மறைத்துவிடும். எனவே இரண்டு மணி நேரம் புதுச் செய்தி வராவிட்டால் எண்ணை அழித்துவிட்டு, தகவல் இல்லை என்று காட்டும்படி கட்டளை எழுதுங்கள்.

எண்ணோடு என்ன செய்யவேண்டும் என்பதும் இருக்கட்டும். 140 என்று மட்டும் போட்டால் பலருக்கு விளங்காது. 140, பிள்ளைகளை வெளியே விடவேண்டாம் என்று போட்டால் எல்லாருக்கும் விளங்கும்.

பொறுப்பாளர் ஒருவரும், அவர் இல்லாதபோது பார்த்துக்கொள்ள இன்னொருவரும் வேண்டும். ஆளில்லாத கருவி மூன்றே மாதத்தில் தூசு படிந்து நிற்கும்.

கையகலத் திரையை இரண்டு மூன்று அடி தூரத்திலிருந்துதான் வாசிக்கலாம். கடை மேசைக்கும் ஆயாக் கொட்டகைக்கும் அது ஏற்றது. கோயில் முற்றத்துக்கு விளக்குப் பலகை போன்ற பெரிய திரைதான் சரி.

பொதுத் திரையில் தனி மனிதர் செய்தியைப் போடக்கூடாது. யாருக்குக் கடன் பாக்கி, யாருக்கு என்ன நோய், யார் எவ்வளவு கூலி வாங்கினார் என்பவை சுவரில் வரவேண்டியவை அல்ல.

மின்னூட்டியைச் சிரிம் முத்திரை உள்ளதாக வாங்குங்கள். கம்பியில் வரும் 5 வோல்ட் தீங்கு செய்யாது. சுவரில் உள்ள 230 வோல்ட் உயிரைக் குடிக்கும். இடி மின்னல் நேரத்தில், ஆற்றுக்கான திரை தவிர மற்றவற்றைக் கழற்றி வைப்பது நல்லது. ஆற்றுத் திரையைக் கையடக்க மின்கலத்தில் ஓடவிட்டால், மின்சாரம் தடைப்பட்ட இரவிலும் அது விழித்திருக்கும். இணையம் தரும் கருவிக்கும் அதேபோல் மின்கலம் வேண்டும்.

இன்று நம் குடும்பங்களில் பல தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டன. லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இருக்கிறார்கள். அவர்களும் இதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள், இதே ஆற்றங்கரையில்தான் உறங்குகிறார்கள். திரை வைக்கிறவர்கள் தமிழோடு மலாயையும் ஒரு வரி சேர்த்தால் அவர்களும் பயனடைவார்கள்.

நேயர்களே, அறிவிப்புகளை வெளியிடுவது அரசாங்க இலாகாக்களின் வேலை. வெளியிட்ட அறிவிப்பு நம் வாசலுக்கு வந்து சேர்வதற்கு நாமும் ஒரு கை கொடுக்கவேண்டியிருக்கிறது. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுங்கள். முதலில் ஒரே ஒரு திரை, ஒரே ஓர் எண் என்று தொடங்குங்கள். காற்றா, ஆறா, உங்கள் ஊருக்கு எது முதலில் வேண்டும் என்பதை நீங்களே கூடி முடிவு செய்யுங்கள்.

வணக்கம்.